60 பிள்ளைகள், ஒரே ஒரு நாள்: அவர்களை உற்பத்தித் துறைப் பக்கம் திருப்ப எது உதவும்?

கடந்த சில மாதங்களில் ஒரே கேள்வி மூன்று பேரிடமிருந்து வந்துவிட்டது. ஒருவர் பள்ளியில் இயற்பியல் நடத்துபவர். இன்னொருவர் வார்ப்பாலையில் தரக்கட்டுப்பாடு பார்ப்பவர். மூன்றாமவர் பொறியாளர் சங்கம் ஒன்றில் மாணவர் நிகழ்ச்சிகளைக் கவனிப்பவர். மூவரிடமும் இருப்பது கொஞ்சம் பணம், கொஞ்சம் நேரம். பிள்ளைகளைத் தொழிற்சாலைக்கு அழைத்துப் போகலாமா, யாரையாவது கூப்பிட்டுப் பேச வைக்கலாமா, இல்லை கையால் செய்கிற மாதிரி ஏதாவது பரிசோதனை வைக்கலாமா, எதில் பலன் அதிகம் என்று கேட்கிறார்கள்.

நான் உலோகச் சோதனைக் கூடம் ஒன்றில் வேலை செய்கிறேன். உடைந்த பாகங்கள் வரும், ஏன் உடைந்தது என்று பார்த்துச் சொல்ல வேண்டும். அதற்கு நடுவே பல வருடங்களாகப் பள்ளிகளுக்குப் போய்வருகிறேன். இந்த வழிகளில் ஏறக்குறைய எல்லாவற்றையும் செய்து பார்த்தாயிற்று. அந்த அனுபவத்தை வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயம். பிள்ளைகளுக்கு இந்தத் துறை பிடிக்கவில்லை என்று நினைக்காதீர்கள், பெரும்பாலானவர்களுக்கு இப்படி ஒரு வேலை இருப்பதே தெரியாது. 2018இல் பல நாட்டு மாணவர்களிடையே நடந்த பிசா ஆய்வில், 30 வயதில் என்ன வேலையில் இருப்பீர்கள் என்று 15 வயதுப் பிள்ளைகளிடம் கேட்டார்கள். பையன்களில் 47 சதவீதமும் பெண்களில் 53 சதவீதமும் வெறும் 10 வேலைகளுக்குள்ளேயே பதிலை முடித்துக்கொண்டார்கள் என்று அதை நடத்தும் ஓஇசிடி என்ற பன்னாட்டு அமைப்பு கணக்குச் சொன்னது. மருத்துவர், ஆசிரியர், வழக்கறிஞர், மேலாளர், இப்படி. 'பொருளறிவியல்' (உலோகம், பிளாஸ்டிக் போன்ற பொருட்களின் தன்மையைப் படிப்பது) என்று நான் பள்ளியில் சொன்னால் பாதிப் பேர் அதைப் பொருளாதாரம் என்றே எடுத்துக்கொள்கிறார்கள். அதனால் இப்போதெல்லாம் அந்தச் சொல்லோடு தொடங்குவதில்லை. உடைந்த போல்ட் ஒன்றை மேசையில் வைத்துவிட்டுத் தொடங்குகிறேன்.

## எதை வைத்து எடைபோடுவது?

எந்த வழியாக இருந்தாலும் ஐந்து கேள்விகள் கேட்பேன்.

பிள்ளையின் கை பொருளில் பட்டதா? இதை முதலில் வைப்பதற்குக் காரணம் உண்டு. ஓர் உலோகம் வளைவதையும் ஒடிவதையும் விரலில் உணர்ந்த பிள்ளையும், அதைத் திரையில் பார்த்த பிள்ளையும் பிறகு கேட்கிற கேள்விகள் வேறு வேறு.

ஏற்கெனவே ஆர்வம் உள்ளவர்களைத் தாண்டி வேறு யாரையாவது போய்ச் சேர்ந்ததா? முன்வரிசையில் கை தூக்குகிற நான்கு பேர் எப்படியும் ஏதாவது ஒரு வழியில் வந்துவிடுவார்கள். நாம் தேடிப் போவது பின்வரிசையை.

வேலை உண்மையில் எப்படி இருக்கும் என்று தெரிந்ததா? சத்தம், ஷிஃப்ட், ஒரே அளவை நூறு தடவை எடுப்பது, இவற்றையெல்லாம் மறைத்துவிட்டு ராக்கெட்டை மட்டும் காட்டினால் அந்தப் பிள்ளை பின்னால் வந்து ஏமாறும்.

மறுநாள் போக ஓர் இடம், கேட்க ஓர் ஆள் உண்டா? பெரும்பாலான நிகழ்ச்சிகள் இங்கேதான் விழுகின்றன.

கடைசியாக, பில்லில் வராத செலவு என்ன?

இவற்றோடு வயதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். லண்டன் கிங்ஸ் கல்லூரியில் 10 முதல் 14 வயதுப் பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்த ஆஸ்பயர்ஸ் ஆய்வில் ஒரு விஷயம் தெளிவாக வந்தது. பெரும்பாலான பிள்ளைகளுக்கு அறிவியல் பாடம் பிடித்திருந்தது, ஆனால் விஞ்ஞானி ஆக விரும்பியவர்கள் 15 சதவீதம் போலத்தான். பாடம் பிடிப்பதும், அது தனக்கான வேலை என்று தோன்றுவதும் இரண்டு வெவ்வேறு சங்கதிகள். இந்த எண்ணம் 14 வயதுக்கு முன்பே ஓரளவு இறுகிவிடுகிறது. 17 வயதில் போய்ப் பேசத் தொடங்கினால் தாமதம்தான்.

## தொழிற்சாலையைச் சுற்றிக் காட்டுவது

எல்லாருக்கும் முதலில் தோன்றுவது இதுதான். அமெரிக்காவில் 2012 முதல் அக்டோபர் மாத முதல் வெள்ளிக்கிழமையை உற்பத்தி நாளாக வைத்து ஆலைகள் கதவைத் திறந்துவிடுகின்றன. ஜெர்மனியில் 2001 முதல் வருடத்துக்கு ஒரு நாள் பெண்பிள்ளைகளுக்கென்றே இப்படி ஒரு நாள் நடக்கிறது. பல நிறுவனங்கள் தங்கள் பட்டறைகளையும் கூடங்களையும் அன்று அவர்களுக்குக் காட்டுகின்றன.

இதற்கு ஈடே இல்லாத ஒரு பலம் உண்டு, அது அளவு. 1,200 டிகிரி செல்சியஸில் பழுத்த இரும்புக் கட்டி சம்மட்டிக்கு அடியில் போகும்போது பத்தடி தள்ளி நிற்பவர் முகத்திலும் அனல் அடிக்கும், காலுக்குக் கீழே தரை அதிரும். எந்தக் காணொளியும் அதைத் தராது.

ஆனால் ஒரு தடவை 45 பிள்ளைகளை இப்படிப் பழுத்த இரும்பை அடித்து வடிவம் கொடுக்கும் ஒரு ஃபோர்ஜிங் கூடத்துக்குக் கூட்டிப் போனேன். 85 டெசிபலைத் தாண்டினாலே காதுக்குப் பாதுகாப்பு தேட வேண்டும், அங்கே சத்தம் அதற்கும் மேல். வழிகாட்டி சொன்னது முன்னால் நின்ற நாலைந்து பேருக்குத்தான் கேட்டது. மற்றவர்கள் முன்னால் நின்றவர்களின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். திரும்பி வரும்போது பஸ்ஸில் ஒரு பையன் மெதுவாகக் கேட்டான்: "சார், அந்தச் செவப்புக் கட்டி கடைசியில என்னவா ஆச்சு?" அது எஞ்சினுக்குள் சுழலும் கிராங்க் ஷாஃப்ட் ஆனது. இரண்டு மணி நேரம் அந்தக் கூடத்தில் நின்ற பிள்ளைக்கு அது தெரியவில்லை என்றால் கோளாறு பிள்ளையிடம் இல்லை.

அதன் பிறகு முறையை மாற்றிக்கொண்டேன். போவதற்கு முந்தின வாரமே, முடிந்த பாகம் ஒன்றை வகுப்பில் கொடுத்துவிடுவேன். கனமாக, எண்ணெய் வாசனையோடு அது கைமாறிக்கொண்டே இருக்கும். "இது எந்த மெஷினில் பிறந்தது, எங்கே இதற்கு இந்த வளைவு வந்தது, கண்டுபிடித்து வாருங்கள்." அவ்வளவுதான். தேட ஒரு பொருள் இருந்தால் சத்தத்திலும் கண் வேலை செய்யும்.

மறைவான செலவுகள் இதில் நிறைய. மூடிய காலணி இல்லாத பிள்ளையை வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள், அது பெரும்பாலும் வசதி குறைந்த வீட்டுப் பிள்ளையாகத்தான் இருக்கும், எனவே முன்கூட்டியே விசாரித்து ஏற்பாடு செய்யுங்கள். பாதுகாப்புக் கண்ணாடி பெரியவர்கள் அளவில்தான் இருக்கும், மூக்கில் நிற்காது. ஆலையில் இரண்டு சூப்பர்வைசர்களின் அரை நாள் போகும். காப்பீடு, வயது வரம்பு, புகைப்படத் தடை எல்லாம் உண்டு. போகிற நாளில் பார்த்து உலை பராமரிப்பில் நிற்கவும் கூடும். இன்னொன்று பலர் யோசிப்பதில்லை: புதிய ஆலைகளில் ரோபோ கூண்டுக்குள் வேலை செய்யும், சுற்றிலும் ஆளே இருக்காது. பிள்ளைகள் "இங்கே மனுஷங்களுக்கு வேலை இல்லை போல" என்று முடிவு கட்டிக்கொண்டு வருவார்கள். டூல் ரூம் (அச்சுகளும் கருவிகளும் செய்யும் இடம்), சோதனைக் கூடம், பராமரிப்புப் பிரிவு, இந்த மூன்றையும் காட்டச் சொல்லி வற்புறுத்துங்கள். யோசிக்கிற ஆட்கள் அங்கேதான் கண்ணில் படுவார்கள்.

14 வயதுக்கு மேல், 15 பேருக்கு மிகாமல், ஏற்கெனவே கையால் ஏதாவது செய்து பார்த்த பிள்ளைகள் என்றால் இதுதான் சிறந்த வழி. முதல் அறிமுகமாக வைக்காதீர்கள்.

## ஒருவரை அழைத்துப் பேச வைப்பது

இருப்பதிலேயே மலிவு. 300 பேரை ஒரே அரங்கில் உட்கார வைத்துவிடலாம். சிக்கலும் அதேதான்.

யாரைக் கூப்பிடுகிறோம் என்பதுதான் இங்கே எல்லாம். பெரிய பதவியில் இருப்பவர் வந்தால் நிறுவனத்தின் ஆண்டு வருமானமும் கட்டடப் படமும் திரையில் ஓடும். ஒரு பள்ளியில் மூத்தவர் ஒருவர், நல்லெண்ணத்தோடுதான், "படிப்பு ஏறாதவர்களுக்கும் எங்கள் துறையில் இடம் உண்டு" என்றார். அந்த ஒரு வரியில் அரங்கத்தில் பாதிப் பேரும், பின்னால் உட்கார்ந்திருந்த பெற்றோர் எல்லாரும் கதவைச் சாத்திவிட்டார்கள். அதைத் திறக்க எனக்கு இரண்டு வருடம் ஆனது. பில்லில் வராத செலவுக்கு இதைவிட நல்ல உதாரணம் என்னிடம் இல்லை.

வேலையில் சேர்ந்து இரண்டு முதல் ஐந்து வருடம் ஆனவரைத் தேடுங்கள். பிள்ளைக்கும் அவருக்கும் நடுவே இருக்கிற தூரம் எட்டிப் பிடிக்கிற தூரமாக இருக்க வேண்டும். அவரிடம் இரண்டே விஷயம் சொல்லுங்கள்: உடைந்த பொருள் ஒன்றை எடுத்து வாருங்கள், நேற்று காலை முதல் சாயங்காலம் வரை என்ன செய்தீர்கள் என்று சொல்லுங்கள்.

கதை வேண்டுமென்றால் இந்தத் துறையில் கதைக்குப் பஞ்சமில்லை. ஸ்டெஃபனி குவோலெக் என்ற வேதியியலாளர் 1946இல் அமெரிக்க ரசாயன நிறுவனமான டூபாண்டில் வேலைக்குச் சேர்ந்தது மருத்துவம் படிக்கப் பணம் சேர்க்கத்தான். வேலை பிடித்துப்போய் அங்கேயே தங்கிவிட்டார். 1965இல் அவர் தயாரித்த ஒரு கரைசல் தண்ணீர் மாதிரி நீர்த்து, கலங்கலாக இருந்தது. வழக்கமாக அப்படி வந்தால் கொட்டிவிடுவார்கள். இழை இழுக்கும் இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டவர் துளைகள் அடைத்துக்கொள்ளும் என்று தயங்கினார். அவரைச் சம்மதிக்க வைத்து இழுத்துப் பார்த்தார் குவோலெக், எளிதில் அறுக்க முடியாத இழை வந்தது. அதுதான் குண்டு துளைக்காத உடைகளில் இருக்கும் கெவ்லார். மருத்துவராகத்தான் ஆக வேண்டும் என்று வீட்டில் சொல்லி வளர்க்கப்படுகிற பிள்ளைக்கு இந்தக் கதை எப்படி உள்ளே போகிறது என்பதை அதன் முகத்திலேயே பார்த்திருக்கிறேன்.

அப்புறம், ஒரு பேச்சால் மட்டும் எதுவும் நடக்காது. பிரிட்டனில் 2012இல் வந்த ஓர் ஆய்வில், பள்ளிக் காலத்தில் நான்கு தடவையோ அதற்கு மேலோ வேலை உலகத்து ஆட்களைச் சந்தித்ததாகச் சொன்ன இளைஞர்கள், ஒருதடவையும் சந்திக்காதவர்களைவிட, படிப்பும் பயிற்சியும் வேலையும் இல்லாமல் இருக்கிற நிலைக்கு ஐந்தில் ஒரு பங்கு அளவே ஆளாகியிருந்தார்கள். நல்ல பள்ளிகளில் இத்தகைய சந்திப்புகளும் அதிகம் நடக்கும் என்பதால் முழுப் பெருமையையும் சந்திப்புகளுக்கே கொடுத்துவிட முடியாது. ஆனாலும் எண்ணிக்கை முக்கியம் என்பது என் அனுபவத்தோடு ஒத்துப்போகிறது. 300 பேருக்கு ஒரு பேச்சாளர் என்பதைவிட, ஆறு மேசை, மேசைக்கு ஒருவர், சுற்றி எட்டுப் பிள்ளைகள், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இடம் மாறுவது என்று வைத்தால் அதே மதியத்தில் ஆறு சந்திப்புகள் ஆகிவிடும்.

## கையால் செய்யும் வகுப்பு

ஒரே ஒரு வழியைத்தான் தேர்ந்தெடுக்க முடியும் என்றால் நான் இதைத்தான் எடுப்பேன். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஆளுக்கு நான்கு ஹேர்பின். முனையில் உள்ள பிளாஸ்டிக் சொட்டையும் மேல்பூச்சையும் உப்புத்தாளால் தேய்த்து எடுத்துவிட வேண்டும். முதலாவதை அப்படியே விட்டுவிடுங்கள். இரண்டாவதை பர்னர் சுடரில் காட்டி வளைவுப் பகுதி நன்றாகச் சிவந்ததும், சுடரிலிருந்து மெல்ல மெல்ல விலக்கி ஆறவிட வேண்டும். மூன்றாவதை அதே அளவு சிவக்க வைத்துச் சட்டென்று தண்ணீரில் போட வேண்டும். நான்காவதையும் அதேபோல் சிவக்க வைத்துத் தண்ணீரில் போட்டு, பளிச்சென்று தேய்த்துவிட்டு, மறுபடி சுடருக்கு மேலே உயரத்தில் பிடித்து, உலோகத்தின் மேல் மஞ்சள் ஓடி, பழுப்பாகி, நீலம் படரும் வரை மட்டும் சூடாக்க வேண்டும். அந்த நீலம் ஏறக்குறைய 300 டிகிரி செல்சியஸ். தெர்மாமீட்டர் இல்லாத காலத்துக் கொல்லர்கள் இந்த நிறத்தைப் பார்த்துத்தான் வேலை செய்தார்கள்.

பிறகு குறடால் பிடித்து ஒவ்வொன்றாக விரிக்க வேண்டும். முதலாவது எதிர்த்துத் திரும்பி வரும். இரண்டாவது விரித்த இடத்திலேயே செத்த பாம்பாகக் கிடக்கும். மூன்றாவது டிக்கென்று ஒடியும். நான்காவது மறுபடியும் வில்லாக நிற்கும். எடை, வடிவம், கடையில் வாங்கிய அட்டை எல்லாம் ஒன்றுதான், நடந்துகொள்கிற விதம்தான் வேறு.

13 வயது இருக்கும் ஒரு பெண். மூன்றாவது பின் ஒடிந்ததும் துண்டை உள்ளங்கைக்குள் மறைத்துக்கொண்டாள். கெடுத்துவிட்டோம் என்று நினைத்திருக்கிறாள். "சார், என்னோடது ஒடிஞ்சிருச்சு. வேற ஒண்ணு குடுங்க."

"ஒடியறதுக்குத்தாம்மா செஞ்சோம். ரெண்டுக்கும் நெருப்பு ஒண்ணுதானே, இது மட்டும் ஏன் ஒடிஞ்சுது?"

"தண்ணி."

கொஞ்ச நேரம் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "தண்ணி உள்ள போயிருச்சா சார்?" இல்லையென்றேன். இன்னும் கொஞ்ச நேரம். "அப்போ எண்ணெயில போட்டா?"

அந்தக் கேள்வியைத்தான் வெப்பப் பதப்படுத்தும் கூடத்தில் தினமும் கேட்கிறோம். தண்ணீரில் போட்டால் விரிசல் விடக்கூடிய பாகத்தை எண்ணெயில் போட்டுச் சற்று மெதுவாகக் குளிரவிடுவது எங்கள் அன்றாட வேலை. வகுப்பில் சுடர் பக்கத்தில் எண்ணெய் வைக்க முடியாது என்பதால் செய்து காட்டவில்லை, ஆனால் அவள் வந்து நின்ற இடம் அது. சிவந்த இரும்புக்குள் கார்பன் அணுக்களுக்கு இடம் தாராளம், மெதுவாக ஆறினால் அவை வெளியேறித் தனியாகச் சேர்ந்துகொள்ளும், சட்டென்று குளிர்ந்தால் வெளியேற நேரமில்லாமல் மாட்டிக்கொள்ளும், அந்த நெருக்கத்தில்தான் உலோகம் இறுகி நொறுங்கும் தன்மைக்கு வருகிறது. இவ்வளவையும் கடைசி ஐந்து நிமிடத்தில் சொன்னேன். முதலிலேயே சொல்லியிருந்தால் அந்த எண்ணெய்க் கேள்வி வந்திருக்காது.

நெருப்பு வேண்டாம் என்றால் வேறு வழிகள் உண்டு. பேப்பர் கிளிப்பை முன்னும் பின்னும் வளைத்து எத்தனையாவது தடவை ஒடிகிறது என்று எண்ணச் சொல்லுங்கள். ஒடிகிற இடத்தை உடனே உதட்டில் வைத்தால் சூடு தெரியும். எல்லாரும் எண்ணியதைக் கரும்பலகையில் எழுதினால் ஒரே டப்பாவில் இருந்த கிளிப்புகளுக்குள்ளேயே எவ்வளவு வித்தியாசம் என்று தெரியும், தரக்கட்டுப்பாடு என்ற வேலை ஏன் இருக்கிறது என்று தனியாக விளக்க வேண்டியதில்லை. ரப்பர் பேண்டை வேகமாக இழுத்து உதட்டில் வையுங்கள், சூடு. தளர்த்தி வையுங்கள், குளிர்ச்சி. வெறும் பனிக்கட்டிச் சட்டம் ஒன்று, மரத்தூள் கலந்து உறைய வைத்த சட்டம் ஒன்று, இரண்டிலும் எடை தொங்கவிட்டுப் பாருங்கள். இரண்டாம் உலகப் போரில் எடையில் 14 சதவீதம் மரக்கூழ் கலந்த பனிக்கட்டியால் விமானம் தாங்கிக் கப்பல் கட்ட பிரிட்டன் திட்டமிட்டது என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள், சட்டத்தை உடைத்துப் பார்த்த பிறகு நம்புவார்கள்.

நல்ல ஆய்வகமும் அனுபவமுள்ள வேதியியல் ஆசிரியரும் இருந்தால் ஒரு கோப்பையிலிருந்து நைலானைக் கயிறாக இழுத்துக்கொண்டே போகும் செய்முறையையும் வைக்கலாம். 1959இல் அதை வகுப்பறைக்கென்று எழுதிக் கொடுத்த இருவரில் ஒருவர் அதே குவோலெக். ரசாயனங்கள் தோலை அரிக்கக்கூடியவை, ஆசிரியர் மட்டும் செய்து காட்டுவதே சரி.

செலவு என்று பார்த்தால் பொருளுக்கு அதிகம் ஆகாது. நேரத்துக்குத்தான் ஆகும். ஒரு மணி நேர வகுப்புக்கு எனக்கு மூன்று மணி நேரத் தயாரிப்பு. எல்லா ஹேர்பின்னும் ஒரே மாதிரி இருக்காது, கார்பன் குறைந்த கம்பியில் செய்தது தண்ணீரில் போட்டாலும் ஒடியாது, வாங்கிய அட்டையிலிருந்து இரண்டை வீட்டிலேயே சோதித்துவிட்டுத்தான் போக வேண்டும். 20 பேருக்கு மேல் நெருப்பு வேலை வைக்காதீர்கள், அதற்கும் இரண்டு பெரியவர்கள் வேண்டும். இன்னொரு ஆபத்து, பணம் போட்டு வாங்கிக் கொடுத்த கிட் ஆசிரியருக்குப் பழக்கமில்லாததால் அலமாரியில் தூசி படிந்து கிடப்பது. அமெரிக்காவில் பொருளறிவியல் துறையினரின் சங்கமான ஏஎஸ்எம் அமைப்பின் கல்வி அறக்கட்டளை கோடை விடுமுறையில் ஆசிரியர்களுக்கே ஒரு வார முகாம் நடத்துவதன் நியாயம் இதுதான். ஓர் ஆசிரியர் பழகிவிட்டால் வருடா வருடம் நூறு பிள்ளைகள். பணம் வைத்திருக்கும் சங்கங்கள் கிட் வாங்குவதற்கு முன் இதை யோசிக்கலாம்.

இந்த வழியின் குறை ஒன்றுதான். நெருப்போடு விளையாடுவதுதான் வேலை என்று பிள்ளை நினைத்துவிடலாம். அதனால் இதைத் தினமும் செய்கிற ஒருவரை அதே அறையில் வைத்துக்கொள்ளுங்கள்.

## போட்டிகளும் நீண்ட திட்டங்களும்

அமெரிக்கக் கண்டுபிடிப்பாளர் டீன் கேமன் 1989இல் தொடங்கிய ஃபர்ஸ்ட் அமைப்பு 1992இல் 28 அணிகளோடு முதல் ரோபோ போட்டியை நடத்தியது, இன்று அது உலகம் முழுக்கப் பரவியிருக்கிறது. கைத்தொழில் திறனுக்கான வேர்ல்ட்ஸ்கில்ஸ் 1950இல் ஸ்பெயினும் போர்ச்சுகலும் மட்டும் கலந்துகொண்ட சிறு போட்டியாகத் தொடங்கியது, இப்போது வெல்டிங், கணினி இயக்கும் சிஎன்சி கடைசல் என்று பல பிரிவுகளில் நடக்கிறது. இந்த மேடைகளில் 20 வயதுப் பிள்ளைகள் காட்டுகிற நேர்த்தியைப் பார்த்தால் கண் கலங்கும்.

இதன் பலம் காலம். மூன்று மாதம் ஒரே பொருளோடு மல்லுக்கட்டுவதில் கிடைக்கும் பழக்கம் வேறெதிலும் கிடைக்காது. ஆனால் இது ஏற்கெனவே ஆர்வம் உள்ளவர்களை இன்னும் ஆழமாக இழுக்கும் வழி, புதியவர்களைக் கொண்டுவராது. வழிகாட்டி ஒருவர் பத்து, பன்னிரண்டு வாரம் மாலை நேரங்களைத் தர வேண்டும், பாதியில் அவர் வேலை மாறினால் அணி அநாதையாகிவிடும். அப்பாக்கள் ராத்திரியில் உட்கார்ந்து முடித்துக்கொடுப்பதும் நடக்கும். ரோபோ போட்டிகளில் எனக்கு ஒரு வருத்தம் உண்டு: நிரல் எழுதுவதில் போகும் கவனத்தில் பத்தில் ஒரு பங்கும் "இந்தச் சட்டத்துக்கு ஏன் இந்த அலுமினியம்" என்பதில் போவதில்லை. நீங்களே போட்டி வைப்பதாக இருந்தால் சிறிய கான்கிரீட் உத்தரம் செய்யச் சொல்லுங்கள். தாங்கிய எடைக்குப் பாதி மதிப்பெண், எங்கே, ஏன் உடைந்தது என்று உடைந்த பரப்பைக் காட்டி விளக்குவதற்குப் பாதி. தோற்ற அணியும் அப்போது வெறுங்கையோடு போகாது.

## வேலையிடத்தில் சில வாரங்கள்

ஆழத்தில் இதற்கு மிஞ்சியது இல்லை. துருப்பிடிக்காத எஃகை 1913இல் ஷெஃபீல்டில் உருவாக்கிய ஹாரி பிரியர்லி 12 வயதில் பள்ளியை விட்டு எஃகு உருக்கும் இடத்துக்கு வேலைக்குப் போனவர். அந்தக் காலத்துக் குழந்தை வேலை நமக்கு வேண்டாம், ஆனால் பட்டறையிலேயே வளர்ந்த கண் என்ன செய்யும் என்பதற்கு அவர் சாட்சி. ஜெர்மனியின் இரட்டைக் கல்வி முறையில் இன்றும் வாரத்தில் சில நாள் நிறுவனத்திலும் சில நாள் தொழிற்பள்ளியிலுமாக இரண்டு முதல் மூன்றரை வருடம் படிக்கிறார்கள்.

16 வயதுக்கு மேல், ஓரளவு மனசு வந்துவிட்ட பிள்ளைக்கு இரண்டு வாரம் போதும். ஆனால் உண்மையான கேள்வி ஒன்றைக் கையில் கொடுக்க வேண்டும். எங்கள் கூடத்துக்கு வந்த ஒரு மாணவியிடம் ஒரே பெட்டியிலிருந்த 30 துண்டுகளின் கடினத்தை அளக்கச் சொன்னோம். ஒரு கூரிய முனையை உலோகத்தில் அழுத்திக் குத்தி, விழுகிற குழியை வைத்து அளப்பது அது. நான்கு மட்டும் குறைவாக வந்தன. பொருள் மோசம் என்று எழுதிவிட்டு, மதியம் திரும்பி வந்து, "அந்த நாலிலயும் நான் ஓரத்துல குத்தியிருக்கேன்" என்றாள். ஓரத்திலிருந்து குழியின் விட்டத்தைப் போல இரண்டரை மடங்காவது தள்ளிக் குத்த வேண்டும் என்பது விதி, யாரும் அவளுக்குச் சொல்லியிருக்கவில்லை. அறிக்கையை அவளே அடித்துத் திருத்தினாள்.

இதற்கான செலவு பில்லில் தெரியவே தெரியாது. ஒரு மாணவருக்குக் கூடத்தில் ஒருவரின் நாளில் இரண்டு மணி நேரம் போகும். அதைத் தர ஆள் இல்லையென்றால் அந்தப் பிள்ளை இரண்டு வாரமும் நகல் எடுத்துக்கொண்டிருக்கும், துறையையே வெறுத்துவிட்டுப் போகும். இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இந்த இடங்கள் பெரும்பாலும் மாமாவோ சித்தப்பாவோ அங்கே வேலை செய்கிற பிள்ளைகளுக்குத்தான் போகின்றன. பள்ளி வழியாக, யாருடைய சிபாரிசும் இல்லாமல், பயணச் செலவும் கொடுத்து எடுத்தால்தான் பின்வரிசைக்கு வாய்ப்பு.

## காணொளி

உலை, உருட்டாலை, நுண்ணோக்கிப் படம் எல்லாம் அருமையாகக் கிடைக்கின்றன. ஆர்வம் வந்த பிள்ளைக்குத் தீனியாகக் கொடுக்கலாம், போக வழியில்லாத இடங்களைக் காட்டலாம். கேள்வி கேட்டால் பதில் சொல்ல ஆள் இல்லை என்பதால் தனி வழியாக இதை நான் எண்ணுவதில்லை.

## ஒரே பார்வையில்

| வழி | வயது | ஒரு தடவைக்கு | கை படுமா | புதியவர்களைச் சேருமா | பில்லில் வராத செலவு |
|---|---|---|---|---|---|
| ஆலைப் பார்வை | 14க்கு மேல் | 15 பேர் | அரிது | ஓரளவு | காலணி, காப்பீடு, சூப்பர்வைசரின் அரை நாள் |
| பெரிய அரங்கப் பேச்சு | எந்த வயதும் | 300 வரை | இல்லை | குறைவு | தவறான ஆள் வந்தால் ஏற்படும் சேதம் |
| சிறு மேசைச் சந்திப்பு | 11க்கு மேல் | 48 பேர் | உடைந்த பாகம் இருந்தால் | ஆம் | ஆறு பேரின் மதியம் |
| கையால் செய்யும் வகுப்பு | 10 முதல் 14 | 20 பேர் | முழுக்க | நன்றாக | தயாரிப்பு நேரம், ஆசிரியர் பயிற்சி |
| போட்டி, திட்டம் | 13க்கு மேல் | 5 முதல் 10 பேர் | முழுக்க | குறைவு | வழிகாட்டியின் பல வார மாலைகள் |
| வேலையிடப் பயிற்சி | 16க்கு மேல் | 1 அல்லது 2 பேர் | முழுக்க | சிபாரிசு இல்லாவிட்டால் மட்டும் | வழிகாட்டியின் தினசரி 2 மணி நேரம் |

## உங்கள் நிலை எது?

ஒரு நாள், 60 பிள்ளைகள், 12 வயது: ஆலையை மறந்துவிடுங்கள். மூன்று குழுவாகப் பிரித்து ஒன்றில் ஹேர்பின், ஒன்றில் பேப்பர் கிளிப்பும் மரத்தூள் பனிக்கட்டியும், ஒன்றில் இளம் பணியாளர்கள் இரண்டு பேர் உடைந்த பாகங்களோடு. சுழற்சியில் எல்லாரும் எல்லாவற்றையும் தொட்டுவிடுவார்கள். நாள் முடிவில் யார் யார் இன்னும் கேள்வி கேட்டுக்கொண்டு நிற்கிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள், அடுத்து ஆலைக்குப் போகும் 15 பேர் அவர்கள்தான்.

ஒரு வருடம் கிடைக்கும் என்றால் வரிசை முக்கியம்: கை வேலை, சிறு மேசை, பிறகு ஆலை, கடைசியில் திட்டம். இதைத் தலைகீழாக வைத்துப் பார்த்திருக்கிறேன், பாதிப் பேர் பாதியில் நின்றுவிட்டார்கள்.

வார்ப்பாலை நண்பருக்கு: உங்களுக்கு இரண்டு வருடத்தில் ஆள் வேண்டும் என்றால் 11 வயதுப் பிள்ளைகளிடம் போவதில் பலன் இல்லை, 16 வயதுக்கு மேற்பட்ட இருவரைப் பயிற்சிக்கு எடுத்து நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள். பத்து வருடம் கழித்தும் துறையில் ஆள் இருக்க வேண்டும் என்று நினைத்தால் பக்கத்துப் பள்ளி ஆசிரியர் ஒருவரை ஒரு வாரம் உங்கள் கூடத்தில் உட்கார வையுங்கள்.

பிள்ளைக்கு விருப்பம் இருந்தும் வீட்டில் தயங்குகிறார்கள் என்றால், மேலே சொன்ன எதுவும் தனியாகப் போதாது. நிகழ்ச்சியின் கடைசி அரை மணி நேரத்துக்குப் பெற்றோரைக் கூப்பிடுங்கள். நீங்கள் பேச வேண்டாம், பிள்ளைகளே நான்கு ஹேர்பின்னையும் அம்மா அப்பா கையில் கொடுத்து விரிக்கச் சொல்லட்டும். மூன்றாவது ஒடியும்போது அவர்களும் "ஏன்" என்று கேட்பார்கள். அந்தக் கூட்டத்தில் வேலை நேரம், சம்பளம், பாதுகாப்பு, பெண்களுக்கு ஷிஃப்ட் எப்படி என்று நேராகக் கேட்பார்கள், அதற்கு நேராகப் பதில் சொல்லக்கூடிய ஒருவரை, முடிந்தால் ஒரு பெண் பணியாளரை, பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

பர்னர் இல்லாத பள்ளி என்றால் கிளிப்பில் தொடங்குங்கள். மரத்தூளைக் கொஞ்சம் தண்ணீரில் ஊற வைத்துப் பிசைந்து உறைய வையுங்கள், இல்லாவிட்டால் எல்லாம் மேலே மிதந்து ஒரு பக்கமாகச் சேர்ந்துவிடும். இரண்டு இரவு உறைந்தால் நல்லது.